உயிரோடிருப்பவன் பாட்டு

இப்போதெல்லாம் வீட்டுப் பூசைக்கு வருகிறவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. சாமியார் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி தேடுகிறார்கள். போன தடவை ஒருத்தி திண்டு கொண்டுவந்து போட்டு அதன்மேல் மண்டியிட்டாள், ஏதோ சினிமாக் கொட்டகைக்கு வந்த மாதிரி. காரை வயலில் விட்டுச் சேறாக்குகிறார்கள். டீயை நின்றபடி குடிக்கிறார்கள். இரண்டாவது கோப்பை ஊற்றுவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சுவரில் எங்கே ஈரம், கூரையில் எங்கே ஓட்டை என்றெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு போய் ஊர் முழுக்கச் சொல்வார்கள். சுவிசேஷத்தில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

செனன் டால்ட்டிக்கு இது நன்றாகத் தெரியும். அவனே மற்றவர்கள் வீட்டில் ஓட்டை எண்ணியவன்தான்.

அயர்லாந்தின் அந்தக் கடலோரத்தில் பூசை வீடு வீடாக முறை வைத்து வரும். தன் முறை வருகிற வருஷம் எவனும் நிம்மதியாகத் தூங்கமாட்டான். வெள்ளையடிக்க வேண்டும், கதவுக்குப் பச்சைப் பெயின்ட் பூச வேண்டும், சாணிக் குவியலைச் சாமியார் கண்ணுக்குப் படாத பக்கம் தள்ள வேண்டும். இந்த அக்டோபரில் செனன் வீட்டு முறை. அவன் எல்லாவற்றையும் செய்தான். வெள்ளையடித்தான், பெயின்ட் பூசினான், சாணியைத் தள்ளினான்.

அண்ணனையும் தள்ளினான்.

இதைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு மிக்கோவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக்கோ செனனின் அண்ணன், கல்யாணம் ஆகாதவன், தம்பி வீட்டிலேயே இருந்தவன். மேற்குக் கிளேர் வட்டாரத்தில் பாட்டுக்காரன் என்றால் அவனைத்தான் சொல்வார்கள். வசந்தத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் தொங்கிப்போனது. பேச்சும் போனது. வாயில் மிச்சம் நின்றது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. டீ வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். பங்குச் சாமியார் ஃபாதர் ஹானன் பார்க்க வந்தபோது அவரையும் அந்த வார்த்தையால்தான் வரவேற்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். செனன் சிரிக்கவில்லை.

“பூசை நடுவுல, அப்பத்தைத் தூக்கிக் காட்டறப்ப, அந்த வார்த்தை வந்துச்சுன்னா?” என்று மனைவி டெலியாவிடம் கேட்டான்.

“வந்தா வரட்டும். கடவுளுக்கு மிக்கோவத் தெரியாதா?” என்றாள் அவள்.

“கடவுளுக்குத் தெரியும். ஜோசிக்குத் தெரியாதே.”

ஜோசி பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத் தெரிந்தால் பக்கத்துப் பங்குக் கோயிலுக்கும் தெரியும்.

சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிய வாரம், செனன் டவுனிலிருந்து ஒரு வாடகைக் காரை வரவழைத்து, அண்ணனைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டுபோய் முதியோருக்கான கவுன்டி இல்லத்தில் விட்டுவிட்டு வந்தான். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய கட்டிடம் அது. இப்போது கண்ணாடி ஜன்னல், சூடான தண்ணீர், நல்ல நர்ஸ்கள் எல்லாம் உண்டு. இருந்தாலும் அந்தக் கேட்டுக்குள் போன கிழவர்கள் பெட்டிக்குள் படுத்துத்தான் வெளியே வந்தார்கள். ஊரில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு சித்தப்பனோ அத்தையோ இருந்தார்கள்.

ஊருக்குச் செனன் சொன்னது ஒன்றே ஒன்று. மிக்கோவே போகணும் என்று ஆசைப்பட்டான்.

டப்ளினில் பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருக்கும் மகள் டிம்னாவுக்கு அதுகூடச் சொல்லவில்லை.

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்வது. அதற்கு டெலியா ஒதுக்கியிருந்தது மிக்கோவின் அறையை. வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்துகிற அறை அது ஒன்றுதான் என்றாள். வேண்டுமென்றே செய்தாளா என்று செனனுக்குச் சந்தேகம். டெலியா செய்வதில் பாதி வேண்டுமென்றே செய்வது.

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக உள்ளே போய், முகத்தைக் கழுவிவிட்டு வந்த மாதிரி வெளியே வந்தார்கள். கடைசியில் செனன் போனான். ஃபாதர் ஹானன் ஜன்னலோர நாற்காலியில் கழுத்தில் ஊதா நிறத் துணியோடு உட்கார்ந்திருந்தார். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. அறையில் இன்னும் மூட்டு வலித் தைல வாசனை.

செனன் மண்டியிட்டான்.

“ஈஸ்டருக்கப்பறம் இப்பத்தான் வரேன் ஃபாதர். காளைக்கன்னத் திட்டினேன். பொண்டாட்டியத் திட்டினேன். ஜெபமாலை சொல்றப்ப தூங்கிட்டேன்.”

“காளைய அதிகமா திட்டினீங்களா, பொண்டாட்டியவா?”

“காளையத்தான். அது திருப்பிப் பேசாது.”

சாமியார் மூக்கால் சிரித்தார். “வேற?”

செனன் தரையைப் பார்த்தான். கட்டில் கால் இருந்த இடத்தில் பலகையில் பள்ளம் விழுந்திருந்தது. அத்தனை வருஷம் அந்தக் கட்டில் நகர்ந்ததே இல்லை. வெள்ளையடிக்க நகர்த்தியவன் திருப்பி வைக்கும்போது பள்ளத்தில் பொருத்தாமல் விட்டுவிட்டான்.

“வேற ஒண்ணும் இல்ல ஃபாதர்.”

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“இது பாவசங்கீர்த்தனத்துல சேருமா?”

“சேராது, சும்மாதான் கேட்டேன். அவரு ரூம்ல உக்காந்துருக்கேன் பாருங்க, ஞாபகம் வந்துச்சு. அவரே போகணும்னு ஆசைப்பட்டாராமே?”

“ஆமா ஃபாதர்.”

“அப்படியா. நல்லது.”

சாமியார் பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். செனன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். பாவத்தை மறைத்தவன் உலகத்தில் எத்தனையோ பேர். பாவசங்கீர்த்தனத்துக்குள்ளேயே மண்டியிட்டு புதிதாக ஒரு பாவம் செய்தவன் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே எழுந்தான். முழங்கால் வலித்தது.

இன்னும் ஒன்று இருந்தது. அதை அவன் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிம்னா ரேடியோவில் பேசினாள். ஊர்க்காரன் ஆஸ்டின் வீட்டுச் சமையலறையில் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். “இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்கு எங்கேர்ந்து வருது?” என்று ஒருவன் கேட்டான். அவள் சொன்னாள்: “என் பெரியப்பாகிட்டேர்ந்து. அவர் ஒரு வரி போட்டு என்னக் கிண்டல் பண்ணுவாரு. நான் திருப்பி ஒரு வரி போடுவேன். மாடு கறக்காம நிக்கும். ராத்திரி சாப்பாடு ஆறிடும். நாங்க ரெண்டு பேரும் நிறுத்தமாட்டோம்.”

மாட்டைக் கடைசியில் யார் கறந்தது என்று அவள் சொல்லவில்லை. அப்பா என்ற வார்த்தையே அந்த நிகழ்ச்சியில் வரவில்லை. எல்லோரும் மிக்கோவின் தோளைத் தட்டினார்கள். மிக்கோ சந்தோஷத்தில் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் வாடகைக் கார் வந்தது. பூசைக்காகத்தான் அனுப்பினேன் என்று செனன் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தினமும் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அவனை உறுத்தியது.

பூசை பாதி நடக்கும்போது வாசலில் கார் சத்தம். டிம்னா நனைந்த கோட்டோடு உள்ளே வந்து, கதவோரத்தில் வெறும் தரையில் மண்டியிட்டாள். பின்னாலேயே தாடி வைத்த ஓர் இளைஞன், தோளில் ஒரு கனத்த பெட்டியோடு. ரேடியோக்காரன், லோமன் என்று பேர். டிம்னாவின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்ய வந்திருந்தான்.

டிம்னா தலையை நிமிர்த்தி அடுப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே மிக்கோவின் நாற்காலி இருக்க வேண்டும். அந்த இடத்தில் இரவல் வாங்கின ஒரு குட்டி மேஜையும் அதன்மேல் பூச்சாடியும் இருந்தன. பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். செனன் கண்ணை மூடிக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு உருக்கமாக ஜெபிக்கிறவன் மாதிரி இருந்திருக்கும். அப்படியே போய் நன்மை அப்பமும் வாங்கினான். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

பூசை முடிந்ததும் சாமியாருக்கு நல்ல அறையில் காலை உணவு. டெலியா டவுனில் வாங்கிவந்த பம்ப்ளிமாஸைப் பாதியாக வெட்டி, நடுவில் செர்ரி வைத்திருந்தாள். அதை எப்படித் தின்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாமியாருக்குத் தெரியும். வீடு வீடாக அதையே தின்று வருகிறவர் அவர்.

செனன் அடுப்பில் எரிக்கக் காய்ந்த சதுப்புமண் கட்டி எடுக்கிற சாக்கில் பின்கதவு வழியாக நழுவினான். டிம்னா கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

“பெரியப்பா எங்கப்பா?”

“டவுன்ல.”

“டவுன்லன்னா?”

“இல்லத்துல. கொஞ்ச நாளைக்குத்தான். நல்லா பாத்துக்கறாங்க, மூணு வேளையும் சுடச்சுடச் சாப்பாடு. அவனேதான் போறேன்னான்.”

“எந்த வார்த்தையில சொன்னாரு?”

செனன் ஒரு கட்டியை எடுத்தான், கீழே போட்டான், வேறு ஒன்றை எடுத்தான்.

“சொல்லுங்கப்பா. அவர்கிட்ட மிச்சம் இருக்கறது ஒரு வார்த்தை. அத வெச்சுக்கிட்டு, ‘தம்பி, என்னக் கொண்டுபோய்க் கவுன்டி இல்லத்துல சேத்துடு, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்’னு சொன்னாரா?”

“கிண்டல் பண்ற வயசா எனக்கு?”

“கிண்டல் பண்ணல. கேக்கறேன்.”

பின்கதவில் டெலியாவின் தலை தெரிந்தது. “ஃபாதருக்கு முட்டை ஆறுது. ரெண்டு பேரும் உள்ள வாங்க. சண்டைய மத்தியானத்துக்கு வெச்சுக்கலாம்.” பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: “என்னை மொறைக்காதே. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு தடவ சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லல. அது என் பங்கு.”

சாமியார் போனதும் சமையலறை இளகியது. விஸ்கி வெளியே வந்தது. பன்றிக்கறி, உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டி, டீ. ஆஸ்டின் ஒரு பாட்டுப் பாடினான். ஜோசி ஒரு பாட்டுப் பாடிவிட்டு, வரி மறந்த இடத்தில் எல்லோரையும் திட்டினாள். லோமன் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தான். நாடாச் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றான் லோமன். “டிம்னா அடிக்கடி சொல்வாங்க. வெள்ளைக் கிடாரி ஒண்ணு கடல்ல நீந்தித் தீவுக்குப் போற பாட்டு. அத யாராவது பாடறீங்களா?”

எல்லோரும் ஆஸ்டினைப் பார்த்தார்கள்.

“அது மிக்கோ பாட்டு தம்பி,” என்றான் ஆஸ்டின்.

“தெரியும். அவர்தானே கட்டினது. உங்களுக்குப் பாடம் இருக்கும்ல?”

“பாடமா? சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன், தூக்கத்துல கூடப் பாடுவேன். ஆனா பாடமாட்டேன். ஒருத்தன் பாட்டு அவன் பாட்டு. அவன் உசிரோட இருக்கறவரைக்கும் இன்னொருத்தன் அதுல வாய் வெக்கமாட்டான். அவன் போனப்பறம் வீட்டுக்காரங்க யாருக்குக் குடுக்கறாங்களோ, அவன் பாடுவான்.”

“டப்ளின்ல எப்படியோ,” என்றாள் ஜோசி. “அங்க ஒருத்தன் கோட்ட இன்னொருத்தன் மாட்டிக்கிட்டுப் போவான்போல.”

சிரிப்பு. லோமனும் சிரித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

டிம்னா விடவில்லை. “இதுக்கு ஏன் கஷ்டம்? டவுன் பக்கத்துலதானே இருக்கு. எல்லாரும் போய் பெரியப்பாகிட்டயே கேப்போம். என்னப்பா? அவர் ஆசைப்பட்டுப் போன எடம்தானே. நமக்கும் சுத்திக் காட்டுவாரு.”

எல்லோர் முகமும் செனன் பக்கம் திரும்பியது. ஜோசியின் முகம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே திரும்பியது.

செனனுக்குக் காது சுட்டது. இந்தப் பேச்சு எப்படியாவது நின்றால் போதும் என்றிருந்தது. “எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்றான். “ஒரு பாட்டுதானே? ஆஸ்டின், நீயே பாடு. வீட்டுக்காரன் நான். நான் குடுக்கறேன், நீ எடுத்துக்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

ஆஸ்டின் கையிலிருந்த கிளாஸை மேஜையில் வைத்தான். ஜோசி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஐயோ, எப்ப போனாரு?” என்றாள்.

“யாரும் போகல,” என்றாள் டெலியா.

“போகாமலா பாட்டத் தூக்கிக் குடுக்கறாரு?”

“வாய் தவறிடுச்சு,” என்றான் செனன். “அவன் நல்லாத்தான் இருக்கான். வாய் தவறி…”

ஆஸ்டின் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். அவன் கோபக்காரன் இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. “செனன், நான் பூசைக்கு வந்தேன். சாவு வீட்டுக்குன்னு சொல்லியிருந்தா கறுப்புக் கோட்டுப் போட்டுட்டு வந்திருப்பேன்.”

அவன் போனான். ஜோசி போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக டெலியாவின் கையை மட்டும் குலுக்கிவிட்டுப் போனார்கள். செனனிடம் வானிலையைப் பற்றிக்கூட ஒருவரும் பேசவில்லை. அவன் பேசட்டும் என்றுதான் காத்திருந்தான். மழையைப் பற்றி ஒரு வார்த்தை கிடைத்திருந்தாலும் போதும்.

டிம்னா லோமனிடம், “கார எடு,” என்றாள்.

செனன் கூப்பிடாமலே போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டான்.

கார் டவுன் பக்கம் ஓடியது. கடல் இடப்பக்கம் சாம்பலாகக் கிடந்தது.

“பூசை முடிஞ்சதும் கூட்டிட்டு வரதாத்தான் இருந்தேன்,” என்றான் செனன்.

“அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“மனசுல இருந்துச்சு.”

“நாற்காலிய எங்க போட்டீங்க?”

“கொட்டகையில. மேல சாக்குப் போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன்.”

டிம்னா திரும்பிப் பார்த்தாள். “அப்பா, ரேடியோல நான் பேசினத கேட்டீங்களா?”

“மாடு பாக்கறவனுக்கு ரேடியோவுக்கு ஏது நேரம்?”

“கேக்கலயா?”

“கேக்கல.”

லோமன் கண்ணாடியில் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தான். செனனுக்கு அவனைப் பிடிக்கவில்லை. பார்த்தவுடனே எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு முகம். மைக்கோடு அலைகிறவனை எப்படி நம்புவது?

கவுன்டி இல்லத்தின் நீளமான நடையில் சோப்பு வாசனையும் வெந்த முட்டைக்கோஸ் வாசனையும் கலந்து அடித்தன. அந்த முனையில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

*கரையில இல்லாத புல்லா, கண்ணே,*
*கடலுக்கு அந்தண்ட மொளைச்சிருக்கு?*

செனன் நின்றுவிட்டான். வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. கொஞ்சம் இழுத்தது, கொஞ்சம் நடுங்கியது. ஆனால் அது மிக்கோதான். வசந்தத்திலிருந்து ஒரு டீ கேட்கத் தெரியாத மிக்கோ.

எதிரே வந்த நர்ஸ் கான்சிடைன் சிரித்தாள். “தம்பியா நீங்க? வாங்க வாங்க. உங்க அண்ணன் எங்க வார்டையே கெடுத்துட்டாரு. யாரும் மத்தியானம் தூங்கறதில்ல.”

“அவனுக்குப் பேச்சு வராதே,” என்றான் செனன்.

“பேச்சு வராது. பாட்டு வருது. சில பேருக்கு அப்படித்தான். பக்கத்துக் கட்டில்காரர் மவுத் ஆர்கன் எடுத்து ஊதினாரு, இவர் புடிச்சிக்கிட்டாரு. ஏன், வீட்டுல பாடவே இல்லயா?”

வீட்டில் யாரும் பாடச் சொல்லவில்லை. ‘பாவம், அவனால முடியாது’ என்று எல்லோரும் நல்ல மனதோடுதான் இருந்தார்கள். செனனும்தான். ஆனால் அந்த அமைதி அவனுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. நாற்பது வருஷமாக எந்த அறைக்குப் போனாலும் அவன் மிக்கோவின் தம்பிதான். அந்தக் கோடைகாலத்தில்தான் முதல் தடவையாக, வீட்டில் எல்லோரும் அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

உள்ளே அடுத்த அடி தொடங்கியது.

*தீவுல புல்லு உப்பாக் கரிக்குது,*
*தின்னு பழகிட்டேன், திரும்பமாட்டேன்.*

டிம்னா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். “இது புதுசு.”

“எது?”

“இந்த அடி. பழைய பாட்டுல கிடாரி கடைசியில வீட்டுக்கு வந்துடும்ப்பா. பெரியப்பா மாத்திட்டாரு.”

“மாடு எங்க மேஞ்சா உனக்கென்ன?” என்றான் செனன். வாய்தான் சொன்னது. அவன் மகளை முந்திக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தான்.

மிக்கோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் செய்யப்பட்டு, தலை வாரப்பட்டு இருந்தது. சுற்றிலும் நாலைந்து கிழவர்கள் தங்கள் கட்டிலிலிருந்து காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது.

“அடச்சே,” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். “நல்ல எடத்துல வந்து கெடுத்தாரு பாரு. யாருய்யா நீ, டாக்டரா?”

“தம்பி.”

“ஓ, தம்பியா.” அவர் மவுத் ஆர்கனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ‘ஓ’வில் என்ன இருந்தது என்று செனனால் சொல்ல முடியவில்லை. இங்கே வார்த்தை இல்லாதவனும் எதையோ சொல்லிவைத்திருக்கிறான் என்று தோன்றியது.

டிம்னா ஓடிப் போய்ப் பெரியப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் இடது கையால் அவள் ஈரத் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

செனன் கட்டில் காலடியில் நின்றான். தொப்பி கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“மிக்கோ, பூசை முடிஞ்சிடுச்சு. வீடெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. வா, போலாம். கார் வெளிய நிக்குது.”

மிக்கோ அவனைப் பார்த்தான்.

“உன் நாற்காலிய அடுப்புக்கிட்டயே போட்டுடறேன். டெலியா கேட்டுக்கிட்டே இருக்கா. வா, நான் புடிச்சிக்கறேன்.” செனன் பக்கத்தில் போய்த் தோளுக்கடியில் கை கொடுத்தான்.

மிக்கோ இடது கையை டிம்னாவின் தலையிலிருந்து எடுத்தான். கட்டிலோரத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விரல் மூட்டு வெளுக்கிற பிடி.

“டேய், நான்தாண்டா. விளையாடாத.”

தலை இடமும் வலமும் ஆடியது. அந்த ஒரு கெட்ட வார்த்தை வருமென்று செனன் காத்திருந்தான். வந்தால் சிரித்துவிடலாம், தோளில் தட்டலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றிருந்தது. டீக்கும் சாமியாருக்கும் சொன்ன வார்த்தையை மிக்கோ தம்பிக்குச் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். “இன்னிக்கு வேணாம்னு நெனக்கறேன்.”

“நீங்க யாராவது அவன்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?”

“நாங்க என்னத்தச் சொல்லப் போறோம்?”

“ஒண்ணும் சொல்லாம ஒரு மனுஷன் சொந்த வீட்ட வேணாம்பானா?”

“ஐயா,” என்றார் மவுத் ஆர்கன்காரர், “அவரு வேணாம்னது வீட்டையா?”

செனன் விறுவிறுவென்று நடைக்கு வந்துவிட்டான். சுவரோரம் நின்று தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு டிம்னாவின் குரல், தணிந்து, ஒரே ஒரு வரி. அதற்குப் பதிலாக மிக்கோவின் குரல், இன்னொரு வரி. கிழவர்கள் சிரித்தார்கள். செனன் கதவுப்பக்கம் ஓர் அடி வைத்தான். பலகை கிறீச்சிட்டது. உள்ளே பாட்டு நின்றது.

அவன் அந்த அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

டிம்னா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாகவே இருந்தது.

“நான் டப்ளின் போகலப்பா. பெரியப்பா ரூம்ல தங்கிக்கறேன். தினமும் இங்க வருவேன்.”

“உன் வேலை?”

“என் வேலை இங்கதான் இருக்கு.” அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல எல்லாரும் நிப்பாங்கள்ல? அங்க ஆஸ்டின்கிட்ட, ஜோசிகிட்ட, எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. அவர் கேட்டுப் போகல, நான்தான் கொண்டுபோய் விட்டேன்னு.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி நான் சொல்ல வேண்டி வரும். எனக்குப் பேசத் தெரியாது. பாட்டாத்தான் வரும்.”

“அப்பனப் பத்திப் பாட்டா? இத்தன நாளா ஒரு வரிக்குக்கூட நான் ஆகல, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?”

டிம்னாவின் முகம் மாறியது. “அப்ப… ரேடியோ கேட்டீங்க.”

செனன் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

“அப்பா, அதுக்காகவா?”

“எதுக்காகவும் இல்ல. பூசைக்காகத்தான். வெள்ளையடிக்கணும்னுதான்.”

“அப்பா, நில்லுங்க. கார்ல போலாம்.”

“எனக்குக் கால் இருக்கு.”

கேட்டைத் தாண்டி அவன் சாலையில் இறங்கினான். மழை பிசுபிசுத்தது. ஊருக்கு நடந்தால் சாயங்காலம் ஆகிவிடும், மாடு கறக்க நேரமாகும். ஆகட்டும். பக்கவாதம் வந்தவன் தலை ஆடியது, அவ்வளவுதானே. அது தானாக ஆடுகிற தலை, வேண்டாம் என்றா ஆடியது? ஒரு கையில் இத்தனை பலம் இருக்கிறவனுக்குக் கம்பி கிடைத்தால் பிடிக்கத்தான் செய்வான். இவர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு ஓர் அர்த்தம் கட்டுகிறார்கள். பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு அது ஒன்றுதானே தெரியும்.

பின்னால் கார் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. அவன் திரும்பாமல் வேலியோரம் ஒதுங்கி, கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டு நடந்தான்.